மிளகியின் இறக்கைக்கு அடியில்

மில் லைனில் மொத்தம் பதினான்கு வீடு. அந்தப் பதினான்கு வீட்டு ஜனமும், ஒன்றேகால் கிலோகூடத் தேறாத ஒரு பெட்டைக்கோழியின் இறக்கைக்கு அடியில் போய்ப் படுத்து எழுந்து வந்தது என்று சொன்னால், கேட்கிறவர்கள் கோழியை விட்டுவிட்டுச் சொல்கிறவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும். இன்றைக்கும் லைனுக்குப் போய் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்டால் ஆமாங், போனோம், அதுக்கென்னங் இப்போ என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

கோழி மயிலாத்தாளுடையது. மயிலாத்தாளுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அந்தப் பேச்சை எடுக்கிறவர்களே இல்லாமல் போய், அப்பனும் ஆத்தாளும் போய்ச் சேர்ந்து, வேலை பார்த்த நூல்மில்லையும் மூடிவிட்ட பிறகு, லைனின் கடைசி வீட்டில் ஒண்டியாக இருந்துகொண்டு, திருப்பூரிலிருந்து வேனில் வந்து இறங்கும் பனியன் மூட்டைகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டு, மீதி நேரமெல்லாம் பின்வாசலில் கோழிகளோடு பேசிக்கொண்டிருந்தவள். மனிதர்களிடம் அவளுக்குப் பேச்சு வெடுக்கென்றுதான் வரும். கோழிகளிடம் மட்டும் சாமி, தங்கம், கண்ணு எல்லாம் தாராளமாக வரும்.

அவள் வளர்த்தது சிறுவிடை என்கிற நாட்டு ரகம். சிறுவிடையைத் தவிர வேறு எதையும் அவள் கோழி என்றே ஒத்துக்கொண்டதில்லை. பக்கத்து வீட்டு ரங்கசாமி ஒருமுறை சந்தையிலிருந்து பெருத்த ரகத்தில் நான்கு வாங்கி வந்து காட்டியபோது, இதென்னங்க, றெக்கை முளைச்ச பூசணிக்காயா என்று கேட்டதில் அந்த மனுசன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. சிறுவிடைக்குக் கால் கட்டை, உடம்பு உருண்டை, முட்டையும் சின்னது. ஆனால் அடைக்கு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், ஆள் போய்த் தூக்கினால்தான் தீனிக்கு இறங்கும், பொரித்த குஞ்சில் ஒன்றைப் பருந்துக்குக் கொடுக்காது. அவளிடம் இருந்த ஒன்பது கோழிகளில் மண்நிற உடம்பில் மிளகு தூவியதுபோலப் புள்ளி விழுந்த ஒன்றுக்கு மிளகி என்று பெயர். அது அவள் கையில் தவிடு தின்னும், அவள் பிசிறு வெட்டும்போது மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், யாராவது வீட்டுக்கு வந்தால் இறங்கிப் போய்விடும்.

அந்த மார்கழி பிறந்த வாரம் அவளுடைய தம்பி சிவராசு வந்தான். அவன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை, வண்டி ஏறினால் மத்தியப்பிரதேசம் அந்தப் பக்கமெல்லாம் போய்விட்டு ஆறு மாசம் கழித்துத்தான் ஊர் திரும்புவான். ஐப்பசியில் அவன் பெண்டாட்டி காய்ச்சலில் போய்விட்டாள், நான்கே நாள் காய்ச்சல். கையோடு ஆறு வயது மகளைக் கூட்டி வந்திருந்தான், பெயர் தருணிகா. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு யாருமில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். மயிலாத்தாள் அவன் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தாள், அத்தோடு பேச்சு முடிந்தது.

மயிலாத்தாளுக்கு அந்தப் பிள்ளையை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொள்ள ஆசை. ஆனால் எப்படி வாருவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள், எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிட்டாள், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள், நெய் ஊற்றிச் சோறு போட்டாள். பிள்ளையின் தலையைத் தடவ நீட்டிய கை, பாதி வழியில் வெட்கப்பட்டுப் போர்வையைச் சரி செய்துவிட்டுத் திரும்பிவிடும். தருணிகாவும் போட்டதைத் தின்றாள், சொன்னதற்குச் சரிங்க அத்தை என்றாள், சுவரோரம் சுருண்டு படுத்துக்கொண்டாள். வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை. அழுதிருந்தால்கூட மயிலாத்தாளுக்கு என்ன செய்வதென்று ஒரு வழி பிடிபட்டிருக்கும்.

மிளகி அப்போதுதான் அடைக்கு நின்றது. மயிலாத்தாள் கூடையில் மணலைக் கொட்டி, மேலே வைக்கோலைப் பரப்பி, இடி இடித்தால் முட்டைக்கு ஆகாது என்று காப்பாக ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் போட்டு, பதினொரு முட்டை வைத்துக் கோழியை ஏற்றி உட்கார வைத்தாள். பிள்ளை பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். எத்தனை நாளைக்குங்க என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இருபத்தொரு நாள் என்று சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள், அரையாண்டு லீவில், பிள்ளையைக் காணோம். மயிலாத்தாள் லைன் முழுக்க ஓடினாள், பூட்டின மில் கேட் வரைக்கும் ஓடினாள், வாய்க்காலில் இறங்கித் தேடச் சொல்லி ரங்கசாமியை அனுப்பினாள், பதினான்கு வீட்டு ஆட்களும் பதினான்கு பக்கம் கூப்பிட்டுக்கொண்டு அலைந்தார்கள். கால் ஓய்ந்து பின்வாசலுக்குத் திரும்பி வந்தவள், அடைக்கூடைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருப்பதைப் பார்த்தாள். கூடையில் மிளகி எப்போதும்போல உப்பி உட்கார்ந்திருந்தது. அதன் இடது இறக்கையின் ஓரத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்று தெரிந்தது.

மயிலாத்தாள் குனிந்து, இறக்கைக்கு அடியில் கையை விட்டாள். மணிக்கட்டு போனது, முழங்கை போனது, தோள் வரைக்கும் போனது, அப்போதும் கூடையின் அடி தட்டவில்லை. உள்ளே இளஞ்சூடாக இருந்தது. துழாவிக்கொண்டே போன கையில் கடைசியாக ஒரு சின்னக் குதிகால் அகப்பட்டது.

"அத்தை, பாத்துங்க, முட்டை இருக்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பின்னால் லைன் ஆட்கள் கூடி நின்றார்கள். ரங்கசாமியின் பெண்டாட்டி கண்டியம்மாள்தான், பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் போனாளா வெறும் வயிற்றோடு போனாளா என்று கேட்டாள். சாப்பிட்டாள் என்று மயிலாத்தாள் சொன்னாள். அப்புறமென்ன, வரும்போது வரட்டும் என்று சொல்லிவிட்டு எல்லோரும் ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பிள்ளை சாயங்காலம் கன்னம் சிவக்க வெளியே வந்தாள், தலைமுடியில் ஒரு வைக்கோல், கையில் ஒன்றுமில்லை, முகத்தில் மட்டும் நன்றாகத் தூங்கி எழுந்த தெளிச்சி. மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாள் லைனின் மற்ற பிள்ளைகள் போனார்கள். பிள்ளைகளைத் தேடிப் போன தாய்மார்கள் போனார்கள், போனவர்கள் அடுப்பில் வைத்த பருப்பு தீய்ந்த பிறகுதான் வந்தார்கள். மில்லில் இருபத்தெட்டு வருசம் பஞ்சுத் தூசி குடித்து நெஞ்சில் சளி கட்டிய ரங்கசாமி, கோழிக்கு அடியில் போவதெல்லாம் ஆம்பளை செய்கிற காரியமா என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, நான்காம் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். வரும்போது கண் இரண்டும் வீங்கியிருந்தது. உள்ளே தூசி என்றார். மில் மூடிய அன்றைக்கும் அழாத மனுசன்.

உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் லைனில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். இருட்டு, ஆனால் பயமில்லை. தவிட்டு வாசம். மேலே எங்கேயோ விடாமல் துடிக்கிற ஒரு சத்தம். எத்தனை பேர் போனாலும் ஒருத்தர் கால் ஒருத்தர் மேல் படாது. யாரும் யாரையும் எப்போ வந்தே, எதுக்கு வந்தே என்று கேட்க மாட்டார்கள், அதுதான் பெரிய விசயம் என்று கண்டியம்மாள் சொல்வாள். சீக்கிரமே பழக்கவழக்கம் எல்லாம் உண்டாகிவிட்டது. செருப்பைக் கூடைக்கு வடக்கே கழற்ற வேண்டும், பீடி கூடாது, செல்போனை வெளியே வைத்துவிட வேண்டும், கோழி தீனிக்கு இறங்கும் நேரம் யாரும் உள்ளே இருக்கக்கூடாது, முட்டையை மிதிக்கவே கூடாது. வார்டு கவுன்சிலர் நேரில் வந்து பார்த்து, ஒரு தடவைக்கு எத்தனை பேர் கொள்ளும் என்று கேட்டு, போர்டு ஒன்று வைக்கலாம் என்று யோசனை சொல்லி, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று செருப்பைக் கழற்றினார். இரண்டு மணி நேரம் கழித்து வந்தவர் போர்டைப் பற்றிப் பேசவேயில்லை.

போகாதவள் மயிலாத்தாள் ஒருத்திதான். எல்லோரும் கூப்பிட்டார்கள், எனக்கு வேலை கிடக்குது என்றாள். அவளுக்குப் பொறாமை. வேறு பெயர் வைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. தான் சோறு போட்டு வளர்த்த கோழியின் மேல், தான் தவிடு ஊட்டிய கோழியின் மேல் அவளுக்கு வயிறு எரிந்தது. பிள்ளை விடிந்து எழுந்தால் போர்வையை உதறிவிட்டு நேராகக் கூடைக்குத்தான் போனாள், அத்தை கையில் வைத்திருந்த டம்ளர் பால் ஆறி ஆடை கட்டியது. தன்னிடம் வர வேண்டிய பிள்ளையை இந்த ஒன்றேகால் கிலோ சிறுக்கி வாங்கிக்கொண்டாளே என்று அவளுக்கு ஆறவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் நாள், லைனில் ஆளரவம் இல்லாத பதினொரு மணிக்கு, மயிலாத்தாள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். முட்டையே இல்லாமல் சும்மா அடைக்கு உட்கார்ந்து மெலிகிற கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், உடம்புச் சூடு இறங்கி அடை தெளிந்து எழுந்துவிடும். முட்டைமேல் இருக்கிற கோழியை முக்குகிறவர்கள் உலகத்தில் கிடையாது. அவள் மிளகியைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரில் கழுத்து வரைக்கும் மூன்று முறை முக்கினாள். மார்கழித் தண்ணீர், கையே மரத்துப்போனது. கோழி கத்தவில்லை. தரையில் விட்டதும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, நனைந்த காலோடு நடந்துபோய்க் கூடையில் ஏறி மறுபடி முட்டைமேல் உட்கார்ந்துகொண்டது.

அந்நேரம் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்த ரங்கசாமி தலையிலிருந்து கால் வரை நனைந்துபோனார். வெயிலில் கதவோரம் பூண்டு உரித்துக்கொண்டிருந்த கண்டியம்மாளின் சேலையிலிருந்து தண்ணீர் ஓடியது. கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த கவுன்சிலர் மீசை சொட்டச் சொட்டப் பேசி முடித்தார். மிளகியின் அடியில் போய் வந்த அத்தனை பேரும், இருந்த இருந்த இடத்தில், மூன்று முறை நனைந்தார்கள். டீச்சர் தருணிகாவை ஒரு துண்டில் சுற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தார், வகுப்பில் உட்கார்ந்தபடியே நனைந்துவிட்டாள், பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு துளி படவில்லை என்றார். பிள்ளைக்குப் பல் கிட்டித்தது.

"மிளகி குளிச்சுதுங்களா அத்தை?" என்று கேட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சலில் போனவளின் மகளுக்குக் காய்ச்சல் வர வைத்துவிட்டேனே என்று மயிலாத்தாள் மாரில் அடித்துக்கொண்டாள். லைன் ஆட்கள் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, துணியை மாற்றிக்கொண்டு கசாயம் வைத்து எடுத்து வந்தார்கள், அது அவளுக்கு இன்னும் பெரிய தண்டனையாக இருந்தது. ஊசி போட்டும் மாத்திரை கொடுத்தும் இரண்டு நாளாய்க் காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் பிள்ளையை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். தூக்கின முதல் தடவை அதுதான், அப்போதும் அதைக் கவனிக்க அவளுக்கு நேரமில்லை. மிளகியின் இறக்கையை விரலால் தூக்கிப் பிள்ளையை உள்ளே விட்டாள்.

"வெச்சுக்க சாமி. நீயே வெச்சுக்க. எனக்கு வேண்டாம், உசுரோட இருந்தாப் போதும்" என்றாள் கோழியிடம்.

மதியத்துக்குள் பிள்ளைக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டது. தை பிறக்க நான்கு நாள் இருக்கும்போது முட்டைகள் பொரிந்தன. பதினொன்றில் இரண்டு கூமுட்டையாகிவிட்டன, அந்த இரண்டும் தன்னால்தான் என்று மயிலாத்தாள் அவற்றை முருங்கை மரத்தடியில் தனியாகக் குழி வெட்டிப் புதைத்தாள்.

குஞ்சு இறங்கிய பிறகும் மிளகியின் அடி மூடிக்கொள்ளவில்லை. கோழி ஒன்பது குஞ்சுகளோடு வாய்க்கால் மேட்டிலும் குப்பைமேட்டிலும் கிளறிக்கொண்டு திரியும், களைத்துப்போய் ஓரிடத்தில் இறக்கையை விரித்துக் குந்திக் கொர் கொர் என்று கூப்பிட்டால் குஞ்சுகள் போகும், அவற்றின் பின்னால் தருணிகா போவாள், அந்தப் பக்கம் போய்க்கொண்டிருப்பவர்களில் மனசு சரியில்லாதவர்கள் யாராவது சைக்கிளை நிறுத்திவிட்டுப் போவார்கள். பிள்ளைக்குச் சதை பிடித்தது. குஞ்சுகளில் எது திருடி, எது சோம்பேறி, எது வளர்த்தியில்லாத நரங்கல் என்று அத்தையிடம் வந்து சொல்ல ஆரம்பித்தாள். மயிலாத்தாளும் பிசிறு வெட்டிக்கொண்டே கேட்டு, அப்படியா, அடிக் கழுதை, அப்புறம் என்ன பண்ணுச்சு என்பாள். ஒரு மத்தியானம் கோழி முருங்கை நிழலில் குந்தியிருக்கும்போது உள்ளேயிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அம்மா, அம்மா என்று, ஐப்பசியிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை. மிளகி இறக்கையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி மூடியது. மயிலாத்தாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அழுகை ஓயும்வரை வெளியே உட்கார்ந்து தானும் அழுதாள். உள்ளே போகத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்தாள்.

சிவராசு போன் செய்து, வண்டி ஒரிசா பக்கம் போகிறது, இந்த வருசம் திரும்ப முடியாது, பிள்ளை அக்காளிடமே இருந்து படிக்கட்டும் என்று சொன்னது மாசிக் கடைசியில். அதே வாரத்தில்தான் மிளகி கொத்த ஆரம்பித்தது.

கோழி வளர்த்தவர்களுக்கு இது புதிதில்லை. குஞ்சு பெரிதாகித் தானாகப் பொறுக்கித் தின்னப் பழகிவிட்டால், அத்தனை நாள் இறக்கைக்குள் வைத்துக் காத்த அதே தாய் ஒருநாள் தலையிலேயே கொத்தி விரட்டும். கோபமில்லை, வேலை முடிந்தது, அடுத்த முட்டைக்கு உடம்பு தயாராகிறது, அவ்வளவுதான். மிளகி முதலில் ஒன்பது குஞ்சுகளையும் கொத்தி விலக்கியது. பிறகு ஆட்களை. ரங்கசாமிக்கு வழுக்கைத் தலையில் இரண்டு கொத்து விழுந்தது, அவர் அதைத் தடவிக்கொண்டே போய் மில் மூடியதிலிருந்து தொடாமல் வைத்திருந்த ஸ்பேனர் பெட்டியைத் திறந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் ரிப்பேருக்கு உட்கார்ந்துவிட்டார். கண்டியம்மாளுக்குக் காதோரம் விழுந்தது. கவுன்சிலருக்கு மூக்கில். உனக்குக் கொத்து விழுந்ததா என்று பரீட்சை முடிவு கேட்பதுபோல லைனில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள், விழுந்தவர்கள் வீட்டில் கேசரி கிளறினார்கள். பங்குனி பிறந்தபோது மிச்சமிருந்தது தருணிகா மட்டும்தான்.

மயிலாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமிருந்து பிள்ளையைப் பிடுங்க வேண்டும் என்று தொட்டியில் முக்கினாளோ, அந்தக் கோழியின் பின்னாலேயே இப்போது கையில் பொட்டுக்கடலையோடு கெஞ்சிக்கொண்டு திரிந்தாள். பெத்தவள் ஒருதரம் விட்டுட்டுப் போய்ட்டா, நீயும் விரட்டினா அந்தப் புள்ளை தாங்காது சாமி, ஒரு வருசம் பொறு, ஆறு மாசம் பொறு என்றாள். பிள்ளை வீட்டிலிருக்கும் நேரம் கோழியைக் கவிழ்த்த கூடைக்குள் மூடி வைத்தாள். மூடினால் பிள்ளை வந்து திறந்துவிட்டாள். மிளகி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மயிலாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மயிலாத்தாள் பின்வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். மடியிலும் தலையிலும் கையிலும் வெள்ளை நூல். மிளகி மண்ணைக் கிளறிக் குந்தியது. தருணிகா போய் வழக்கம்போல இறக்கையைத் தூக்கினாள். கோழி அவள் கையில் கொத்தியது. தெரியாமல் பட்டுவிட்டது என்று நினைத்து அவள் மறுபடி தூக்கினாள், மறுபடி கொத்தியது. மூன்றாம் முறை அவள் தலையைக் குனிந்து புகப் பார்த்தபோது, மிளகி சிலிர்த்து எழுந்து பறந்து அவள் நெற்றியிலேயே ஒரு கொத்து கொத்திவிட்டு, நாலடி தள்ளிப் போய் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் புழு தேடப் போய்விட்டது.

பிள்ளை அப்படியே நின்றாள். நெற்றியில் கடுகளவு ரத்தம். கோழி போன பக்கம் பார்த்தாள், குஞ்சுகள் ஆளுக்கொரு மூலையில் மேய்வதைப் பார்த்தாள். மயிலாத்தாள் எழப் பார்த்தாள், கால் மரத்திருந்தது. அதற்குள் பிள்ளை ஓடி வந்துவிட்டாள். வந்த வேகத்தில் பனியன் குவியலை மிதித்துக்கொண்டு அத்தையின் மடியில் விழுந்து, லைன் முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டு அழுதாள். மயிலாத்தாளுக்குக் கையை எங்கே வைப்பதென்று ஒரு நொடி தெரியவில்லை. அப்புறம் கை தானாகப் போய்ப் பிள்ளையின் முதுகில் உட்கார்ந்தது, இன்னொரு கை தலையில் உட்கார்ந்தது, நூலும் தூசியும் வேர்வையுமாக அவளை அப்படியே அள்ளிச் சேர்த்து மாரோடு வைத்துக்கொண்டாள். கண்டியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அழுகை விக்கலாகி நின்றது. தருணிகா முகத்தை எடுக்காமலே கேட்டாள்.

"நான் பெருசானா நீங்களும் கொத்தி வெரட்டிருவீங்களா அத்தை?"

"நான் கோழியில்லடா சாமி" என்றாள் மயிலாத்தாள். "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது."

பிள்ளை அத்தையின் சேலைத் தலைப்பை இழுத்துத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.